வெள்ளிக்கிழமைகளில் நின்றுபோன எஞ்சின்

அனலைதீவு

மகனே,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டப்போவதில்லை. வாயை மடித்து உள்ளே சொருகி அப்படியே அனுப்பப்போகிறேன். ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் பார்க்கிறவர்கள் கிழவனுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். உன் கடைசிக் கடிதத்தின் உறை இரண்டு தரம் ஒட்டப்பட்டிருந்ததை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பசை மஞ்சள், மற்றது வெள்ளை. நீயே ஒட்டிவிட்டு, எதையோ மறந்துபோய்ப் பிரித்து, மறுபடி ஒட்டியிருப்பாய் என்று அம்மா சொல்கிறாள். அவள் அப்படித்தான் சொல்வாள். பிரித்தது கொழும்பிலா, சீனாவில் நீ இருக்கும் ஊரிலா என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் இனி அவருக்கு அந்த வேலை மிச்சம். எழுதுவது உனக்குத்தான், ஆனால் இது திறந்த கடிதம். வேறு யாராவது படித்தால், அதில் அவருக்கும் கொஞ்சம் இருக்கிறது.

நீ எழுதியதை வழக்கம்போல அம்மாவுக்கு உரக்க வாசித்தேன். பெரிய மதிலுக்குள் பல்கலைக்கழகம், அதற்குள் இன்னொரு மதில், அதற்குள் வெளிநாட்டு ஆசிரியர்களுக்கென்று ஒரு வீடு. உனக்கு மட்டும் இரண்டு அறை. உன்னோடு படிப்பிக்கும் சீன ஆசிரியர் ஒருவர் மனைவி பிள்ளைகளோடு ஒரே அறையில் இருக்கிறார். காலையும் மாலையும் கதவடியில் சுடுதண்ணீர்ப் போத்தல். பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி. புதுச் சைக்கிள். உனக்கென்று ஒரு சமையல்காரர். நீ வகுப்புக்குள் போனால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். பின்வரிசையில் யாரென்று தெரியாத சிலர் இருந்து குறிப்பெடுக்கிறார்கள். விடியற்காலையில் மாணவர்கள் ஆளுக்கொரு மரத்தடியில் நின்று ஆங்கிலத்தை உரத்துப் படிக்கிறார்கள், அது கோயிலில் தேவாரம் ஓதுவதுபோல் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களே, என்ன மாதிரிப் பாக்கினம் என்ரை பிள்ளையை" என்றாள். எனக்கோ ஒவ்வொரு நல்ல செய்தியும் தொண்டையில் மீன்முள்போல் நின்றது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். இன்னும் இரண்டு வருடம் இருக்கும்படி கேட்கிறார்கள், கோடை விடுமுறைக்கு முன் முடிவு சொல்லவேண்டும், ஐயா என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். விடுமுறைக்கு ஊருக்கு வர ஆசை என்றும் எழுதியிருந்தாய். அதன் கீழே ஒரு வரி: "வந்தால் திரும்பிப் போக விடுவீங்களோ?" அந்த வரியை நான் வாசிக்காமல் கடந்துவிட்டேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் உன் அம்மாவுக்கு என் முகம் தெரியும். "இப்ப என்னத்தை விழுங்கினீங்கள்?" என்று கேட்டாள். இரண்டாம் தரம் முழுதாக வாசிக்க வேண்டியதாயிற்று. பெற்ற தகப்பனிடம் கேட்கும் கேள்வியா இது என்று எனக்கு ஆத்திரம். பதில் எழுதாமல் இவ்வளவு நாள் இருந்ததற்குக் காரணம் அந்த ஒரு வரிதான். பதில் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன் உன் சீனாக்காரரைப் பற்றி நான் சொல்லவேண்டியவை இருக்கின்றன. அவற்றைப் பொறுமையாகப் படி.

ஒரு ஆங்கில ஆசிரியரை, அவர் போக நினைக்கும் இடத்திலிருந்து போகவிடாமல் எப்படி வைத்திருப்பது என்று எனக்குத் தெரியும். நான் சீனாவைப் பார்த்ததில்லை. ஆனால் நீ எழுதியதில் எனக்குப் புதிதாக ஒன்றுமே இல்லை. வீடு, சாப்பாடு, கூடவே வரும் மனிதர், எல்லாம் நாங்கள் இந்தச் சின்னத் தீவில் செய்து பார்த்தவை. நீ அந்தப் பக்கம் இருந்து பார்க்கிறாய். நான் இந்தப் பக்கம் இருந்தவன்.

ஏன் செய்தோம் என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் உனக்கு அது விளையாட்டாகத் தெரியும். நீ பிறந்த காலத்தில் நான் தெற்கே அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சின் திருத்துகிறவர்களுக்குக் கையாளாக இருந்தேன். ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும்தான் அரசாங்க மொழி என்று சட்டம் வந்தது. சிங்களத்தில் சோதனை எழுதிச் சித்தியடைந்தால்தான் வேலை நிரந்தரம் என்றார்கள். எனக்குச் சிங்களம் பேச நன்றாக வரும். கூட வேலை செய்தவர்களோடு அதில்தான் சண்டையும் பிடித்தேன், சிரிக்கவும் சிரித்தேன். எழுதியிருந்தால் சித்தியடைந்திருப்பேன். கட்டாயம் என்று சொன்னதால் எழுதவில்லை. "எழுதிப்போட்டு இரும், ஒரு மணித்தியால வேலை" என்று கூட இருந்த தமிழர்களே சொன்னார்கள். அவர்கள் எழுதினார்கள், இருந்தார்கள், ஓய்வூதியம் வாங்குகிறார்கள். நான் ஊருக்கு வந்து ஒரு வள்ளத்துக்கு டீசல் எஞ்சின் பூட்டி அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஆட்களை ஏற்றினேன். எஞ்சினோடு ஒரு ஆங்கிலப் புத்தகம் வந்தது. அகராதி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, அதைப் படித்து முடித்தேன். அதுதான் நான் படித்த ஆங்கிலம். என்னால் ஆங்கிலத்தில் எஞ்சினைப் பற்றி எதுவும் சொல்ல முடியும், வேறெதுவும் சொல்ல முடியாது. என் பிள்ளைக்கு அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன். யாருடைய சட்டமும் தொடமுடியாத ஒரு பாஷை அவன் கையில் இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் எங்கள் பாடசாலைக்கு வரும் ஆங்கில ஆசிரியர் எவரும் நிற்பதில்லை. திங்கட்கிழமை என் வள்ளத்தில் வருவார்கள், வெள்ளி மத்தியானம் என் வள்ளத்தில் போவார்கள். கடல் தண்ணீர் காற்சட்டையில் தெறித்தாலே முகத்தைச் சுளிப்பார்கள். பள்ளித் தவணை முடியுமுன் இடமாற்றம் வாங்கிவிடுவார்கள். வருடத்தில் பாதி நாள் ஆங்கிலப் பாடத்தில் பிள்ளைகள் சும்மா இருக்கும். பெற்றோர் ஒருநாள் கோயில் வீதியில் கூடினோம். மனுக் கொடுப்போம் என்றார் ஒருவர். இனி வாறவரைப் போகவிடுவதில்லை என்றேன் நான். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அந்தத் தடவை வந்தவர்தான் உன் சிவபாதம் மாஸ்ரர். வடமராட்சிக்காரர், இளம் வயது, மெலிந்த ஆள், கண்ணாடி. அவருக்கு ஊரிலேயே நல்ல வீட்டைக் கொடுத்தோம். அதன் சொந்தக்காரர் குருநாகலில் கடை வைத்திருந்ததால் வீடு பூட்டிக் கிடந்தது. நல்ல தண்ணீர்க் கிணறு அந்த வளவில்தான் இருந்தது. கட்டில், கதிரை, அலுமாரி, ஆளுக்கொன்றாகக் கொண்டுபோய் வைத்தோம். எங்கள் பிள்ளைகள் பாயில் படுத்தன. வலையில் பட்ட முதல் மீன் மாஸ்ரர் வீட்டுக்கு. அவர் ஒவ்வொரு நாளும் கும்பிட்டு வாங்குவார், நன்றி சொல்வார். அந்த வீட்டுப் பூனை ஒன்று கன்றுக்குட்டிபோல் கொழுத்து வந்தது. எங்களில் ஒருவனும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பிறகு வரும்.

உனக்கு இரண்டு அறையும் பக்கத்து ஆசிரியருக்கு ஒன்றும் ஏன் என்று உன்னையே கேட்டாயா? நான் கேட்டேன். தங்கள் ஆளுக்கு இல்லாததை உனக்குத் தருகிறார்கள் என்றால், நீ இன்னும் தங்கள் ஆள் இல்லை என்று அர்த்தம். சமையல்காரர் தினமும் காலையில் கோதுமைப் பாணும் முட்டையும் தருகிறார், வெளிநாட்டார் அதைத்தான் சாப்பிடுவார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கோ மாணவர்கள் குடிக்கும் அரிசிக் கஞ்சியில்தான் ஆசை என்று எழுதினாய். அதை அவரிடம் சொன்னாயா என்று எழுதவில்லை. சொல்லியிருக்கமாட்டாய்.

அடுத்தது அந்த வாங். வெளிநாட்டாரைக் கவனிக்கும் அலுவலகத்துக்காரர், நல்ல மனிதர், எங்கே போனாலும் துணைக்கு வருகிறார் என்று எழுதியிருக்கிறாய். சந்தைக்குப் போனால் வாங். பல்வலிக்கு வைத்தியரிடம் போனால் வாங். சைக்கிளில் ஆற்றங்கரைக்குப் போனால் பின்னால் இன்னொரு சைக்கிளில் வாங். மாணவர் எவராவது உன் அறைக்கு வந்தால் வாசலில் பெயர் பதியவேண்டும். உன் கடவுச்சீட்டைப் பதிவுக்கென்று வாங்கினார்கள், பத்திரமாக இருக்கிறது என்கிறார்கள். காணுகிறவரெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள், என்ன அன்பு என்று எழுதினாய். எங்கள் ஊரில் காணுகிறவரெல்லாம் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். அதை அன்பு என்று நீ ஒருநாளும் எழுதியதில்லை.

எங்கள் வாங்கின் பெயர் கந்தையா. புகையிலைக் கடையில் கணக்கெழுதி ஓய்ந்த மனிதர். அவருக்கு வேறு வேலை இல்லை. மாஸ்ரருக்கு உதவியாக இருக்கும்படி அவரை விட்டோம். உதவி என்றால், அவர் எங்கே போகிறார், யாரோடு கதைக்கிறார், பெட்டி கட்டுகிறாரா என்று பார்ப்பது. மாஸ்ரர் கிணற்றடிக்குப் போனால் கந்தையாண்ணை வாளியோடு நிற்பார். கடற்கரைக்குப் போனால் குடையோடு நிற்பார். ஒருநாள் என் முன்னாலேயே மாஸ்ரர் கேட்டார்: "கந்தையாண்ணை, நான் கடலுக்கை விழுந்திடுவன் எண்டோ பின்னாலை வாறியள்?" கந்தையாண்ணை கொஞ்சமும் அசையவில்லை. "சீச்சீ, பாம்பு திரியிற இடம் மாஸ்ரர்." மாஸ்ரர் வெறும் மணலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓம் ஓம், நல்லாத் தெரியுது" என்றார். ஆற்றங்கரைப் பாதை வழுக்கும் என்று வாங் சொன்னதாக எழுதினாயே, அதைப் படித்தபோது எனக்குக் கந்தையாண்ணையின் குரலே கேட்டது. ஒன்று சொல்கிறேன், அந்த வாங்கை வெறுக்காதே. கந்தையாண்ணை கெட்டவரில்லை. மாஸ்ரருக்குக் காய்ச்சல் வந்தபோது தன் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் இருந்து கொத்தமல்லி அவித்துக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் காய்ச்சல் விட்டதும் பெட்டி கட்டப்பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தவரும் அவர்தான். ஒரே மனிதர் இரண்டையும் செய்வார். இரண்டும் உண்மை.

வீடும் மீனும் கந்தையாண்ணையும் போதவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் மாஸ்ரர் பையோடு இறங்குதுறையில் நிற்பார். ஊருக்குப் போனால் கல்விக் கந்தோருக்குப் போவார், போனால் மாற்றம் வாங்குவார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில்தான் என் எஞ்சின் வேலைக்கு வந்தது. டீசல் வரும் குழாயை எஞ்சினோடு பூட்டும் ஒரு சின்ன நட்டு இருக்கிறது. அதைக் கொஞ்சம் தளர்த்தினால் குழாய்க்குள் காற்றுப் புகும். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளி காலையில் நட்டைத் தளர்த்துவேன், திங்கள் விடிய இறுக்குவேன். மூன்று நாள் வருமானம் போனதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. பாய்வள்ளக்காரரிடம் மாஸ்ரர் கேட்டால் அவர்கள் வானத்தைப் பார்த்து, "காத்துச் சரியில்லை மாஸ்ரர்" என்பார்கள். அலுவல் உள்ள ஊர்ச்சனம் வியாழனே போய்விடும். வைத்தியரிடம் போகவேண்டிய வருத்தக்காரர் யாராவது இருந்தால் மாஸ்ரர் பாடசாலைக்குள் இருக்கும் நேரமாகப் பார்த்து நட்டை இறுக்கி ஏற்றிக்கொண்டு போவேன். "என்னண்ணை, இண்டைக்கும் ஏலாதோ?" என்று அவர் கேட்பார். "டீசலுக்கை தண்ணி பூந்திட்டுது மாஸ்ரர்" என்பேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடப்பார், கந்தையாண்ணை பின்னால் நடப்பார்.

போக வழியில்லாத மனிதர் சனிக்கிழமை என்ன செய்வார்? பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படிப்பித்தார். ஞாயிறும் படிப்பித்தார். கடற்கரையில் நடத்திக்கொண்டுபோய் நண்டு, நங்கூரம், நுரை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பெயர் சொல்லிக்கொடுத்தார். நீ இன்று சீனத்துப் பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்துவதாக எழுதுகிறாயே, அதை எங்கே கற்றாய் என்று நினைக்கிறாய்? அந்தச் சனி ஞாயிறுகள் இல்லாவிட்டால் நீ இன்று என் வள்ளத்தில் கயிறு பிடித்துக்கொண்டிருப்பாய். நான் செய்தது பிழை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள், உன் அம்மா உட்பட. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அதே நிலைமை வந்தால் அதே நட்டைத்தான் தளர்த்துவேன்.

என்னைக் காட்டிக்கொடுத்தது நீ. தகப்பனின் தொழிலைப் பற்றி எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று மாஸ்ரர் வகுப்பில் கேட்டார். உன் முறை வந்தது. எஞ்சினைப் பற்றிய ஆங்கிலம் வீட்டில் என்னிடம் கேட்டுக் கேட்டே உனக்குப் பாடம். ஊரில் பெரியவர்களுக்குள் இருந்த இரகசியம், இரகசியம் என்று உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததை அப்படியே சொல்லிவிட்டாய்.

அன்றும் வெள்ளிக்கிழமை. மாஸ்ரர் இந்தத் தடவை பையோடு அல்ல, ட்ரங்குப் பெட்டியோடு இறங்குதுறைக்கு வந்தார். கந்தையாண்ணைக்குப் பெட்டியைக் கண்டதும் முகம் செத்துவிட்டது.

"அண்ணை, இண்டைக்கு எஞ்சின் என்ன சொல்லுது?"

"பாக்கவேணும் மாஸ்ரர். காலமை தொடக்கம் ஒரு மாதிரி இருமுது."

"உங்கடை மகன் இண்டைக்கு வகுப்பிலை நல்லாக் கதைச்சவன்."

"அப்பிடியே?"

"ஐயா வெள்ளிக்கிழமை ஒரு சின்ன நட்டைத் தளர்த்துவார், திங்கக்கிழமை விடிய இறுக்குவார் எண்டு இங்கிலீஷிலை சொன்னவன். ஒரு பிழை இல்லை."

கந்தையாண்ணை வெயிலே இல்லாத நேரத்தில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். மாஸ்ரர் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த நட்டை நீங்கள் இறுக்கிறியளோ, நான் இறங்கி இறுக்கட்டோ?"

நான் ஸ்பனரை எடுத்து இறுக்கினேன். என்ன செய்வது? எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது. ஊர்காவற்றுறையில் பெட்டியை நானே இறக்கிவைத்தேன். அவர் பஸ்ஸில் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்தால் சனம் என்னைப் பிடித்துக்கொண்டது. எஞ்சின் உண்மையாகவே பழுது என்று கடைசிவரை சாதித்திருக்கலாமே என்றார்கள். நட்டை இறுக்காமல் விட்டிருக்கலாமே என்றார்கள். "உங்கடை பொடியன்ரை வாயாலை எல்லாற்றை பிள்ளையளின்ரை படிப்பும் போச்சுது" என்றார் ஒருவர். அன்று உனக்கு அடி விழவில்லை. ஏன் என்று நீ கேட்டதில்லை. ஒரு பிழை இல்லை என்று அவர் சொன்னது என் காதிலேயே இருந்தது.

திங்கள் விடிய வள்ளத்தைக் கொண்டுபோனேன். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் மாஸ்ரர் நின்றார். அதே ட்ரங்குப் பெட்டி. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. மாற்றக் கடிதத்தோடு பாடசாலைக்குச் சொல்லிவிட்டுப் போக வருகிறார் என்று நினைத்தேன்.

"ஏன் மாஸ்ரர் திரும்பி வந்தனீங்கள்?"

"ஏன், வள்ளத்திலை இடமில்லையோ?"

"இல்லை, நாங்கள் நினைச்சம் நீங்கள்..."

"அண்ணை, இவ்வளவு நாளும் நான் படுத்தால் கனவிலை உங்கடை வள்ளம்தான். நேத்தும் முந்தநாளும் வீட்டிலை நல்ல நித்திரை. எழும்பினால் இந்தப் பிள்ளையள் சனிக்கிழமை வந்து பாத்திருக்குங்களே எண்ட யோசனை." பெட்டியை அவரே தூக்கி உள்ளே வைத்தார். இருந்தபிறகு சொன்னார்: "வேறை ஒண்டு. இனி மீன் அனுப்பாதையுங்கோ. நான் சைவம்."

மாதக்கணக்காக அவருக்கு மீன் அனுப்பியிருக்கிறோம், மகனே. அவரும் கும்பிட்டு வாங்கிப் பூனைக்குப் போட்டிருக்கிறார். இந்தக் கதையில் நான் ஒத்துக்கொள்ளும் பிழை அந்த மீன் ஒன்றுதான். ஆனால் ஏன் அவர் அன்றுவரை சொல்லவில்லை, ஏன் அன்று சொன்னார் என்று நான் பிறகு நிறைய யோசித்தேன். அன்றுதான் அவர் தீவுக்கு வரத் தானாக வள்ளத்தில் ஏறிய முதல் நாள். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஊருக்குப் போனார், ஒவ்வொரு திங்களும் வந்தார். ஒரு தவணை முழுவதும் நான் அவரை நம்பவில்லை. ஒவ்வொரு திங்களும் இறங்குதுறை வெறுமையாக இருக்கும் என்றே நினைத்துக்கொண்டு போனேன். நீ பெரிய பரீட்சை எழுதும்வரை அவர் இருந்தார். கந்தையாண்ணையைக் கடைசிவரை குடையோடு கூட்டிக்கொண்டுதான் திரிந்தார், அது வேறு விஷயம். அவர்கள் இருவரும் கூட்டாளிகளாகிவிட்டார்கள்.

ஆகவே என் புத்திமதி இதுதான். இரண்டு வருடக் காகிதத்தில் இப்போது கையெழுத்து வைக்காதே. முதலில் வாங்கிடம் போ. ஊருக்குப் போகலாமா என்று கேட்காதே; இன்ன நாள் ஊருக்குப் போகிறேன், கடவுச்சீட்டையும் ரயில் டிக்கெட்டையும் எடுத்துத் தாருங்கள் என்று சொல். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார். ஆற்றில் வெள்ளம், டிக்கெட் முடிந்துவிட்டது, முத்திரை வைக்கும் அதிகாரி ஊரில் இல்லை என்று ஏதாவது தொடங்கினால், அதுதான் நட்டு. அப்போது கையெழுத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம், எப்படியாவது புறப்படு. டிக்கெட் கைக்கு வந்தால், அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சமையல்காரரிடம் போய், எனக்குப் பாண் வேண்டாம், கஞ்சி தாருங்கள் என்று சொல்லிப் பார். உன் வாயிலிருந்து அது தயங்காமல் வந்தால், நீ அங்கே இருக்கலாம். நான் மறிக்கமாட்டேன். சீனம் படிக்கத் தொடங்கியிருப்பதாகவும் எழுதினாய். அவர்கள் படி என்றார்களா, நீயாகப் படிக்கிறாயா? நீயாகப் படிக்கிறாய் என்றால் நன்றாகப் படி. படி என்று சொன்னார்கள் என்றால் உன் தகப்பன் என்ன செய்தான் என்று உனக்குத் தெரியும்.

இனி அந்த வரி. அதை இரண்டாம் தரம் உரக்கப் படித்த கையோடு உன் அம்மாவிடம், "இவன் என்னை நம்பேல்லையே" என்று கத்தினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தாமல் சொன்னாள்: "ஏன் நம்பவேணும்? அவனுக்கும் நட்டைத் தளர்த்திப்போட்டுத்தானே இருக்கிறியள்."

"என்ன நட்டு?"

"காரைநகரிலை பொம்பிளை பேசினது ஆர்? அவன்ரை விருப்பம் கேட்டனீங்களே? அவனுக்கெண்டு அறை கட்டிச் சீமெந்து போட்டது ஆர்? ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்திலை இங்கிலீஷுக்கு இடம் வைச்சிருங்கோ எண்டு அதிபரிட்டைப் போய்ச் சொன்னது ஆர்? எனக்கு முழங்கால் ஏலாது எண்டு எழுதினீங்களே, ஏலாத ஆள் நானே? காலமை கிணத்திலை தண்ணி அள்ளினது உங்கடை அம்மாவே?"

நான் எழுந்து இறங்குதுறைக்குப் போய்விட்டேன். மறுநாள் வள்ளத்தில் தனியாகப் போகும்போது, நீ கேட்ட கேள்வியை உனக்கு யார் கற்றுத்தந்தது என்று யோசித்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, உன் மாஸ்ரர் இறங்குதுறையில் நின்று என்னிடம் கேட்டதும் அதுதான். அவருக்காவது நான் ஸ்பனரை எடுத்தேன்.

அதனால் எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் நன்றாக இருக்கிறது. அதிபரிடம் போய், இடம் பார்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அறை கட்டியது கட்டியதுதான், அதை இடிக்கமுடியாது. வரும்போது அதில் படு. காரைநகர்ப் பிள்ளை நல்ல பிள்ளை, அந்தப் பேச்சை நான் நிறுத்தப்போவதில்லை, ஆனால் நீ வந்து வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டுக்கு நானே போய்ச் சொல்லுகிறேன். அதற்கு மேல் என்னால் இறங்கமுடியாது.

கோடை விடுமுறைக்கு வா. திரும்பிப் போகும் நாளை வந்து இறங்கிய அன்றே என்னிடம் சொல்லிவிடு. அந்த நாள் காலையில் வள்ளம் இறங்குதுறையில் நிற்கும். ஸ்பனரை உன் கையிலேயே தருகிறேன்; நட்டு எது என்று உனக்குத் தெரியும், இறுக்கிப் பார்த்துவிட்டு ஏறு. ஆனால் நீ வரும் மாதங்களில் சோளகக் காற்றுப் பிடித்துவிடும், கடல் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. எஞ்சினுக்கு நான் பொறுப்பு. காற்றுக்கு நான் பொறுப்பில்லை.

ஐயா